ஓராங் அஸ்லி: பிறர் எழுதிய வரலாறு

சென்ற ஆண்டு படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். "நம் நாட்டின் பல இன மக்கள்" என்பது தலைப்பு. ஒரு மாணவி ஒரு பத்தியை ஓராங் அஸ்லி மக்களுக்கு ஒதுக்கியிருந்தாள். அவர்கள் காட்டில் வாழ்பவர்கள், வேட்டையாடுபவர்கள், கல்வியில் நாட்டம் இல்லாதவர்கள், அரசாங்கம் எவ்வளவோ உதவியும் முன்னேறாதவர்கள். நான்கே வாக்கியம். ஒரே ஒரு சந்திப் பிழை. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டு ஓரத்தில் "நன்று" என்று எழுதினேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தப் பத்தியை மாதிரிக்கு வாசிக்கவும் வைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "டீச்சர், இதையே நம்மளப் பத்தி யாராவது எழுதினா நன்றுன்னு போடுவீங்களா?" கிண்டலாகத்தான் கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. அந்த நான்கு வாக்கியங்களும் அவள் சொந்தமாக எழுதியவை அல்ல. எங்கிருந்தோ வந்தவை. எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதன் விளைவு இந்தக் கட்டுரை. வரலாற்றுத் தாளுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும். ஆனால் முதலில் எனக்காகத்தான் தேடினேன்.

நான் பிடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். பெத்தாய்க் காலத்திலும் டுரியான் காலத்திலும் செமாய் மக்கள் சாலையோரத்தில் சரக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் லயத்தில் அவர்களுக்கு ஒரே பெயர்தான்: சக்காய். தலை வாராமல் வெளியே வந்தால் "ஏன்டி சக்காய் மாதிரி நிக்கிற" என்பார் பாட்டி. அது ஒரு இனத்தின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். எந்த இனமும் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. அது மற்றவர்கள் வைத்த பெயர். அடிமை, பணியாள் என்ற பொருள் அதில் ஏறியிருந்தது. நம்மைக் குறிக்கவும் அப்படி ஒரு சொல் இந்த நாட்டில் இருக்கிறது. அதை இங்கே எழுதத் தேவையில்லை. கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடிமை என்ற பொருள் சும்மா ஏறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தீபகற்பத்தின் உட்பகுதிகளில் அடிமை வேட்டை நடந்தது. ஊரைச் சூழ்ந்து தாக்கி, பெரியவர்களைக் கொன்றுவிட்டு, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகள்தான் ஓடமாட்டார்கள், சீக்கிரம் பழகிவிடுவார்கள் என்பது கணக்கு. 1875இல் பேராக் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டதற்கு, அடிமை வழக்கத்தில் அவர் தலையிட்டதும் ஒரு காரணம் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த அடிமைகளில் ஒரு பகுதியினர் ஓராங் அஸ்லி என்பதை மட்டும் சொல்வதில்லை. காட்டின் உட்பகுதியில் வாழ்வதும், அந்நியரைக் கண்டால் மறைவதும் இந்த மக்களின் 'இயல்பு' என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். பிள்ளை பிடிக்க வருகிறவனைக் கண்டால் யாருமே மறையத்தான் செய்வார்கள்.

'ஓராங் அஸ்லி' என்ற பெயர் 1960களில்தான் அரசு வழக்குக்கு வந்தது. அஸ்லி என்ற சொல்லின் வேர் அரபு. நாம் பேச்சில் சொல்கிற 'அசல்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, அசல் மக்கள். இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. அவசரகாலத்தில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் இவர்களை மரியாதையாக 'அசல்' என்று அழைத்து நெருங்கினார்கள். அரசாங்கமோ அதுவரை 'சக்காய்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெயரிலேயே எதிராளி முந்திக்கொண்டான் என்பது அதிகாரிகளுக்கு மெல்லத்தான் உறைத்தது.

தேர்வுக்குத் தேவையானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று ஓராங் அஸ்லி மக்கள் சுமார் 2 லட்சம் பேர். தீபகற்ப மக்கள்தொகையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. நெக்ரிட்டோ, செனோய், மலாய்-புரோட்டோ என்று மூன்று பெரும் பிரிவு. பிரிவுக்கு ஆறு வீதம் 18 உட்பிரிவு. இந்த 6, 6, 6 கணக்கு நிர்வாக வசதிக்காகப் போட்டது. பத்தேக் மக்களுக்கும் கென்சியூ மக்களுக்கும் நாம் அனைவரும் நெக்ரிட்டோ என்ற எண்ணம் இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாழ்பவர்களின் மொழிகள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது செமாயும் தெமியாரும் கம்போடியாவின் கெமர் மொழிக்கும், இந்தியாவின் சந்தாலி, முண்டாரி மொழிகளுக்கும் தூரத்து உறவு, மலாய்க்கு அல்ல. 1906இல் ஸ்கீட், பிளாக்டன் என்ற இருவர் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இந்த மொழிகளின் சொற்பட்டியல்கள் நீளநீளமாக உள்ளன. நூலின் தலைப்பிலேயே இவர்களை 'புறச்சமயத்தார்' என்று சொல்லிவிட்டார்கள். உழைப்பு பெரிது, பார்வை அந்தக் காலத்துப் பார்வை.

தமிழாசிரியர்களுக்கு ஒரு கிளைச்செய்தி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்தையும் குறிப்பிடுகிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது நாம் கப்பலையும் கோயிலையும் சோழரையும் பேசுகிறோம். ஆனால் இந்தக் கடற்கரைத் துறைமுகங்களில் ஏற்றிய அகில், பிசின், பிரம்பு, கற்பூரம் எல்லாம் காட்டுக்குள்ளிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தவைதானே? ஃபிரெட்ரிக் டன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1975இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். காட்டுப்பொருள் சேகரித்து விற்பது இம்மக்களின் பழைய பொருளாதாரம், அவர்கள் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு வாழ்ந்தவர்கள் அல்ல என்பது அவர் காட்டிய படம். ஜொகூரின் ஜக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது, வழக்கமான சொற்களை விலக்கிவிட்டு அதற்கென்றே ஒரு தனிமொழி பேசுவார்கள் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவான செய்தி. குழூஉக்குறி பாடம் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி, ஆய்வு எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன்.

1930களின் தொடக்கத்தில் பேட் நூன் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மண்டை ஓட்டின் அளவை எடுத்து எழுதுவது அந்தக் காலத்து ஆய்வு முறை, நூனும் அளந்தார். ஆனால் அதோடு நிற்காமல் பேராக்-கிளந்தான் மலைத்தொடரில் தெமியார் மக்களோடு தங்கினார், மொழியைக் கற்றார், ஒரு தெமியார் பெண்ணையே மணந்துகொண்டார். 1936இல் அவர் வெளியிட்ட அறிக்கை இம்மக்களின் குடியிருப்பையும் நலனையும் பற்றியது. அதன் அடிப்படையில்தான் 1939இல் பேராக்கில் ஒரு சட்டம் வந்தது. ஓராங் அஸ்லி மக்களுக்கென்று இந்த மண்ணில் இயற்றிய முதல் சட்டம் அது. அவர்களின் நிலம் அவர்களுக்கு வேண்டும் என்று எழுதியவர் நூன். அதே கையால், வெளியார் யார் உள்ளே போகலாம் என்பதைக் 'காப்பாளர்' ஒருவர் முடிவு செய்யட்டும் என்றும் எழுதினார். காப்பாற்றுவதும் கட்டுப்படுத்துவதும் ஒரே தாளில் வந்தன. இதன் நிழல் இன்றுவரை நீள்கிறது.

ஜப்பானியர் வந்தபோது நூன் காட்டுக்குள் போனார், திரும்பவில்லை. 1943இல் அவர் இறந்தார் என்றும், கொன்றது அவர் பழகிய தெமியார் ஆட்களே என்றும் தம்பி ரிச்சர்ட் நூன் பின்னாளில் விசாரித்து ஒரு புத்தகம் எழுதினார்.

நூனோடு 1934இல் காட்டுக்குப் போனவர் கில்டன் ஸ்டுவர்ட் என்ற அமெரிக்கர். தங்கியது சில வாரங்கள். தெமியார் மொழி தெரியாது, நூன்தான் மொழிபெயர்ப்பு. 1938இல் மீண்டும் ஒருமுறை வந்தார். 1951இல் அவர் 'மலாயாவின் கனவுக் கோட்பாடு' என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். செனோய் மக்கள் தினமும் காலையில் கூடி உட்கார்ந்து கனவுகளைச் சொல்வார்கள். கனவில் புலி துரத்தினால் ஓடாதே, திரும்பி நின்று எதிர்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதனால்தான் அவர்களிடம் குற்றமும் இல்லை, மனநோயும் இல்லை. இதுதான் கட்டுரையின் சாரம். 1960களில் அமெரிக்க இளைஞர்களிடம் இது தீயாகப் பரவியது. ஊர் ஊராகக் கனவுக் குழுக்கள் அமைத்து 'செனோய் முறை'யில் கனவு கண்டார்கள்.

அந்த முறை செனோய் மக்களிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. ராபர்ட் டென்டன் போன்று செமாய் மக்களோடு நெடுநாள் வாழ்ந்த மானிடவியலாளர்கள் அப்படி ஒரு காலை வகுப்பைக் கண்டதில்லை. 1985இல் உளவியலாளர் வில்லியம் டோம்ஹாஃப் எல்லாவற்றையும் தொகுத்து ஆராய்ந்து, இது ஸ்டுவர்ட்டின் சொந்தச் சிந்தனை, அதைச் செனோய் மக்களின் தலையில் ஏற்றிவிட்டார் என்று காட்டினார். இந்தப் புகழ் பரவிய அதே காலத்தில் அந்த மக்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. கலிபோர்னியாவில் ஒருவர் 'செனோய்' கனவு கண்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்திருப்பார்; பேராக்கில் செனோய்க் குழந்தை காசநோயில் இருமிக்கொண்டிருந்திருக்கும்.

கனவு அவர்களிடம் முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. தெமியார் மக்களிடம் பாட்டு கனவில் வருகிறது. ஒரு மரத்தின், மலையின், பூவின் ஆவி கனவில் வந்து பாட்டைக் கொடுக்கும். பெற்றவர் ஊர் கூடும் இரவில் அதைப் பாடுவார். பெண்கள் வரிசையாக அமர்ந்து மூங்கில் குழாய்களைக் கட்டையில் தட்டித் தாளம் போடுவார்கள். நோயாளிக்கு அதுவே சிகிச்சை. மரினா ரோஸ்மன் 1991இல் வெளியிட்ட நூல் முழுவதும் இதைப் பற்றியது. ஸ்டுவர்ட் சொன்னதைவிட இது எவ்வளவோ அழகானது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள மொழியைக் கற்று, ஊரில் தங்கி, அவர்களோடு பாடவும் வேண்டியிருந்தது.

அடுத்தது அவசரகாலம். 1948 முதல் 1960 வரை என்று மனப்பாடம் செய்திருப்போம். புதுக்கிராமம் என்றால் சீனர்கள் என்றும் படித்திருப்போம். தோட்டத் தொழிலாளர்களையும் ஓரிடத்தில் குவித்து வேலி போட்டார்கள்; என் தாத்தா அந்த ஊரடங்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஓராங் அஸ்லி மக்களையும் அப்படித்தான் மலையிலிருந்து இறக்கினார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் போகக்கூடாது என்பது நோக்கம். மலைக்காற்றிலும் ஆற்றோரத்திலும் சிறுசிறு ஊர்களாக வாழ்ந்தவர்களைச் சமவெளி வெயிலில், முள்வேலிக்குள், நெருக்கியடித்து வைத்தார்கள். மரவள்ளியும் மீனும் வேட்டையுமாகச் சாப்பிட்டவர்களுக்குப் பழகாத அரிசியும் சரக்கும். மக்கள் சாகத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கில் இறந்தார்கள் என்று பின்னர் இத்துறையின் தலைவராக இருந்த இஸ்கந்தர் கேரியே எழுதியிருக்கிறார். கணக்கு இதைவிடப் பெரியது என்று சொல்பவர்களும் உண்டு. இறந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணிய பதிவேடு இல்லை.

அவர்கள் 'பலவீனமான' இனம் என்பதால் இறந்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 1970களில் தெமுவான் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தவர்கள், பலரின் சிவப்பணுக்கள் வழக்கமான வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதையும், அந்தப் பரம்பரைக் கூறு மலேரியாவுக்கு எதிராக ஓரளவு காப்பாக அமைவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டோடு அந்த உடம்பு பல தலைமுறையாகப் பழகியிருந்தது. முள்வேலியோடு பழகியிருக்கவில்லை.

தவறு என்று தெரிந்ததும் அரசாங்கம் வழியை மாற்றியது. மக்களை இறக்குவதை விட்டுவிட்டு, 1950களின் தொடக்கத்திலிருந்து காட்டுக்குள்ளேயே கோட்டைகளைக் கட்டினார்கள். ஃபோர்ட் புரூக், ஃபோர்ட் லெகாப், ஃபோர்ட் கெமார். கோட்டை என்றாலும் மரக்கட்டடம்தான். காவலர்கள், ஒரு மருந்தகம், ஒரு கடை, சில இடங்களில் ஒரு பள்ளிக்கூடம், விமானமோ ஹெலிகாப்டரோ இறங்க ஒரு திடல். இன்று 'போஸ்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பல அந்தக் கோட்டைகளின் மிச்சம். இம்மக்களுக்கு அரசு மருத்துவமும் கல்வியும் முதலில் போய்ச் சேர்ந்தது போர்த் தந்திரமாகத்தான். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1954இல் வந்த பூர்வக்குடிச் சட்டமும் அந்தப் போர்க்காலத்தின் பிள்ளை. இன்றும் அது சட்டம் 134ஆக நடைமுறையில் இருக்கிறது. பூர்வக்குடி என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. நல்ல விதி. நிலம் என்று வரும்போது மட்டும் அதே சட்டம் அவர்களை அரசின் விருப்பத்தில் தங்கியிருக்கும் குடிகளாக ஆக்கியது.

இந்தக் காலகட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கோம்பாக் மருத்துவமனை. 1950களின் இறுதியில் கோலாலம்பூருக்கு வெளியே, பழைய கோம்பாக் சாலையில் தொடங்கியது. அதை வளர்த்தவர் மால்கம் போல்டன் என்ற மருத்துவர். சாதாரண மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நோயாளிகள் ஓடிப்போனார்கள். படிக்காத மக்கள், மருந்தின் அருமை தெரியவில்லை என்று ஒரு பதில் எழுதியிருக்கலாம். என் மாணவி எழுதியதைப் போல. போல்டன் வேறு கேள்வி கேட்டார்: இவர்கள் எப்போது தங்குவார்கள்? தனியாக ஒரு கட்டிலில், மொழி தெரியாத இடத்தில், வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு யார் தங்குவார்? எனவே குடும்பத்தோடு வரலாம் என்றார். மனைவி, பிள்ளை, பாட்டி எல்லாரும் வந்து தங்கவும் அவர்களே சமைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய காலம் அது. குடும்பம் கூட இருந்தால்தான் நோயாளி இருப்பார். காட்டிலுள்ள மருந்தகங்களிலிருந்து வானொலிக் கருவியில் செய்தி வரும். அவசரம் என்றால் விமானப்படை ஹெலிகாப்டர் போய் ஏற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓராங் அஸ்லி இளைஞர்களையே பயிற்சி கொடுத்து மருத்துவ உதவியாளர்களாக ஆக்கினார்கள். ஊசி போடுகிறவர் தன் மொழி பேசுகிறார் என்றால் பாதி பயம் போய்விடும். போல்டன் இந்த அனுபவத்தை 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்.

அந்த முறை அப்படியே தொடர்ந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. 2019இல் கிளந்தானின் குவாலா கோ கிராமத்தில் பத்தேக் மக்களிடையே தட்டம்மை பரவியது. சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து இறந்தார்கள். தடுப்பூசி கண்டுபிடித்து அரை நூற்றாண்டு தாண்டிய ஒரு நோய். சுற்றிலும் காடு செம்பனைத் தோட்டமாகியிருந்தது. முதலில் 'மர்ம நோய்' என்றுதான் செய்தி வந்தது. நாமும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம்.

கல்விக்கு வருவோம். காட்டுப் பள்ளிகள் பல ஆண்டுகள் ஓராங் அஸ்லி துறையின் கையில் இருந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்ல, துறை ஊழியர்களே பாடம் நடத்தினார்கள். 1995இல்தான் அப்பள்ளிகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. நம் தமிழ்ப்பள்ளிகளின் கூரையையும் மேசையையும் பற்றி நாம் எவ்வளவு காலம் மனு எழுதினோம் என்று நினைத்துப் பாருங்கள். இவர்களுக்கு மனு எழுத ஆளே இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை படிவம் 1க்கு எங்கோ தூரத்து ஊரில் விடுதியில் சேர வேண்டும். அந்த இடைவெளியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரே வளாகத்தில் முதலாம் ஆண்டு முதல் படிவம் 3 வரை நடத்தும் கே9 பள்ளிகள் அதனால்தான் வந்தன.

விடுதி என்றதும் 2015 நினைவுக்கு வருகிறது. கிளந்தானின் போஸ் தோஹோயில் தெமியார் பிள்ளைகள் ஏழு பேர், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயத்தில் விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஆறு வாரத்துக்கு மேல் கழித்து இரண்டு சிறுமிகள் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். எல்லாரும் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள். இதைப் படித்தபிறகு 'கல்வியில் நாட்டம் இல்லாதவர்கள்' என்ற வாக்கியத்துக்கு என்னால் நன்று போட முடியவில்லை.

ஆசிரிய நண்பர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு செய்தி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தேசியப் பள்ளியில் தமிழோ சீனமோ கற்பிக்க வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்ற விதி நமக்கு மனப்பாடம். தேசியப் பள்ளிகளில் தமிழ் வகுப்புக்காக அந்தப் பதினைந்து கையெழுத்துக்கு அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதே விதியில் பூர்வக்குடி மொழிகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் அதே பதினைந்து. அந்த வாசல் வழியாகத்தான் 1990களின் பிற்பகுதியில் செமாய் மொழி சில பள்ளிகளுக்குள் வந்தது. ஆனால் எந்தச் செமாய் என்ற சிக்கல் உடனே எழுந்தது. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பேச்சு மாறும். அடுத்தது எழுத்து. செமாயிலும் தெமியாரிலும் உயிரொலிகளுக்குக் குறில், நெடில் வேறுபாடு உண்டு; மூக்கொலியோடு சொல்லும் உயிர் வேறு, அது இல்லாமல் சொல்லும் உயிர் வேறு. மலாய் எழுத்து முறையில் நெடிலைக் காட்ட வழியில்லை. 'கல்'லையும் 'கால்'லையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, பிள்ளைகளை வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? குறில் நெடில் நடத்திக் களைத்துப்போன தமிழாசிரியரைவிட இந்தச் சிரமம் யாருக்குப் புரியும்?

வானொலி ஒரு ஆறுதல். 1959 முதல் ஆர்.டி.எம். இம்மக்களின் மொழிகளில் ஒலிபரப்புகிறது; இன்று அது அஸ்யிக் எஃப்.எம். நமக்கு மின்னல் எப்படியோ அப்படி.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஜொகூரில் லிங்கியூ அணை கட்டியபோது ஜக்குன் மக்களின் மூதாதையர் காடு போயிற்று. அந்த நீர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும். அடோங் குவாவும் மற்ற ஜக்குன் மக்களும் தொடுத்த வழக்கில், அந்த நிலத்தில் அவர்களுக்கு வழக்காற்று உரிமை உண்டு என்று 1996இல் ஜொகூர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்கச் சொன்னது. அடுத்து 2002இல் சகோங் தாசி வழக்கு. சிலாங்கூர் புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலத்தை விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுத்தார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் மட்டும் பணம், நிலத்துக்கு இல்லை, ஏனெனில் நிலம் உங்களுடையது இல்லை என்றார்கள். நீதிமன்றம் நிலமும் அவர்களுடையதுதான் என்றது. எழுதிய பட்டா இல்லாத மக்கள் எப்படி நிரூபித்தார்கள்? தாத்தா நட்ட டுரியான் மரம், பாட்டி புதைத்த இடம், இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று வாய்மொழியாகச் சொல்லி வந்த வரலாறு. அதை நீதிமன்றம் சான்றாக எடுத்துக்கொண்டது. 'வாய்மொழி மரபு' என்று இலக்கிய வரலாற்றில் நாம் ஒரே வரியில் தாண்டிப்போவது, புக்கிட் தம்போயில் நிலப்பத்திரத்தின் வேலையைச் செய்தது.

இந்த ஆண்டும் அதே தலைப்பைக் கொடுத்தேன். எழுதுவதற்கு முன் வகுப்பில் பத்து நிமிடம் அஸ்யிக் எஃப்.எம். போட்டேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அறிவிப்பாளர் சிரித்தபோது இவர்களும் சிரித்தார்கள். போன ஆண்டு கேள்வி கேட்டவன் இப்போது படிவம் 5, வேறு வேலையாக வந்தவன் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்: "டீச்சர், அந்தச் சொல்லு மூக்குல வருது, இன்னொன்னு வரல. கவனிச்சீங்களா?" நான் கவனிக்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டோம்.